தாம்பரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

என் அண்ணன் மகளுக்குத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு மாற்றல். அலுவலகம் கிண்டியில். மாப்பிள்ளைக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை கிடைத்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையனும் முழங்கால் வலிக்கார மாமியாரும் கூட வருகிறார்கள். "அத்தை, மாம்பலத்துல சின்ன வீடா, ஊரப்பாக்கத்துல பெரிய வீடா? நீங்களே சொல்லுங்க" என்கிறாள். வங்கி வேலையில் இருந்த காலம் முழுக்க மேற்கு மாம்பலத்தில் குடியிருந்துவிட்டு, பிறகு பெருங்களத்தூருக்கு வந்தவள் நான். அதனால் ஊரிலிருந்து சென்னைக்கு மூட்டை கட்டுகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியோடு என்னிடம்தான் வருகிறார்கள்.

வந்ததும் வாடகையை ஒப்பிடுகிறார்கள். அதில் புறநகர்தான் ஜெயிக்கும். மாம்பலத்தில் ஒற்றைப் படுக்கையறைக்குக் கேட்கிற பணத்துக்கு ஊரப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை, பால்கனி, வண்டி நிறுத்த இடம் எல்லாம் கிடைக்கும். நான் கேட்பது வேறு. ஸ்டேஷனில் இறங்கி வீட்டு வாசல் வரைக்கும் எப்படிப் போவீர்கள்?

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. தென்சென்னைப் புறநகர் அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் வளர்ந்தது. கிண்டி, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாம் ஒரே பாதை; தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு டிக்கெட் 10 ரூபாய். இந்தப் பாதையில் அலுவலகம் உள்ளவர்களுக்கு, ஸ்டேஷனுக்கு நடந்து போகக்கூடிய புறநகர் வீடு, பேருந்தை நம்பி இருக்கிற நகரத்து வீட்டைவிட மேல். ஆனால் தாம்பரம் வரைக்கும்தான் வண்டி அடிக்கடி வரும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று செங்கல்பட்டுப் பக்கம் போனால் இடைவெளி கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு. ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்குப் பிளாட்பாரத்தில் காய வேண்டியதுதான்.

'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது விடியற்காலையில், காலித் தெருவில், பைக்கில் போகிறவனின் ஐந்து நிமிடம். நடந்தால் அரை மணி நேரம் பிடிக்கலாம். ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு 20 ரூபாய் என்று வைத்தால், இரண்டு பேர், போக வர, மாதம் 25 நாள், 2,000 ரூபாய் ஆயிற்று. வாடகையில் மிச்சம் பிடித்ததில் பாதி அங்கே போய்விடும். மழை பெய்தால் அந்த ஆட்டோவும் கிடைக்காது.

வேலை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் என்றால் என் கணக்கெல்லாம் தலைகீழ். சோழிங்கநல்லூர், சிறுசேரிக்கு மெட்ரோ வேலை நடக்கிறது. 'மெட்ரோ வந்துவிடும்' என்பதையும் சேர்த்து வாடகை கேட்பவர்கள் உண்டு. இன்றைக்கு ஓடாத ரயிலுக்கு எதற்கு வாடகை கொடுக்க வேண்டும்? வந்த பிறகு வீடு மாறிக்கொள்ளலாமே.

தென்மாவட்டத்துக்காரர்களுக்குப் புறநகரில் ஒரு வசதி உண்டு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தெற்கே போகிற அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நெல்லை எக்ஸ்பிரஸும் தாம்பரத்தில் நிற்கும். பொங்கலுக்கு மூட்டை முடிச்சோடு கிளம்புகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். நகரத்துக்குள்ளே இருப்பவர்கள் பெட்டியோடு கிளாம்பாக்கம் வந்து சேர்வதற்குள்ளேயே களைத்துப் போகிறார்கள்.

அடுத்தது தண்ணீர். நகரத்துக்குள் மெட்ரோ வாட்டர் குழாய் உண்டு, சம்ப் உண்டு. புறநகரில் பல வீடுகள் போர் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் வைத்தே ஓட்டுகின்றன. அதற்காக நகரத்தில் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து வாயில் விட்டுப் பாருங்கள். உப்பு கரித்தால் குளிக்கவும் துணி துவைக்கவும்கூட அவதிதான். ஏப்ரல், மே மாதங்களில் லாரி வருமா, அந்தச் செலவு யார் தலையில் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

வெள்ளத்துக்கு நகர எல்லை தெரியாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. நகரத்துக்குள்ளே கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டையையும் விடவில்லை. 2023-ல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடிய நாளானது. புரோக்கரைக் கேட்டால் 'இந்தத் தெருவுக்குத் தண்ணியே வராதுங்க' என்பார். டீக்கடைக்காரர் கையை உயர்த்தி எதுவரை நின்றது என்று காட்டிவிடுவார். பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர் எல்லாம் ஏரிகளை ஒட்டிய ஊர்கள். தரைத்தளமா முதல் மாடியா என்பது இங்கே வெறும் படிக்கட்டு விவகாரம் இல்லை.

இத்தனையிலும் மாமியாரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வேலைக்குப் போகிற இருவரும் காலையில் கிளம்பி இரவில்தான் திரும்புவார்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் வாழப்போகிறவர் அவர்தான். மேற்கு மாம்பலத்தில் காய்கறிக்கடை, மருந்துக்கடை, கோயில் எல்லாம் கைக்கெட்டும் தூரம்; நாலு எட்டு வைத்தால் பேச்சுக்கு ஆள் கிடைக்கும். புதிதாக முளைத்த மனைப்பிரிவில் கொத்தமல்லி வாங்கவும் ஸ்கூட்டர் வேண்டும். ஓட்டத் தெரியாத பெரியவர்கள், மகன் வரும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புறநகருக்கு வந்து உடம்பு தேறினவர்களைவிட மனசு சோர்ந்து போனவர்களையே என் தெருவில் அதிகம் பார்க்கிறேன்.

ஆகவே அவளுக்கு மாம்பலமும் வேண்டாம், ஊரப்பாக்கமும் வேண்டாம், குரோம்பேட்டையைப் பார் என்றேன். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் என்பதால் வண்டி அடிக்கடி வரும். கடைத்தெரு இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், லிஃப்ட் உள்ள முதல் மாடி வீடு. ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை. பார்க்க வருவதையும் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளாமல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்து ரயிலில் கிண்டி வரை நின்றுகொண்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வீடு பிடித்துவிட்டால் அட்வான்ஸ் பேச்சு வரும். சென்னையில் பத்து மாத வாடகை கேட்பது பழைய பழக்கம். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதற்கும் இடம் விட்டிருக்கிறது. அதனால் சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசலாம், சண்டை போட முடியாது. மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அரசு தருகிற இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீட்டுக்காரர் அதைக் கழிப்பாரா, தண்ணீர் மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.