‘ஆட்கள் தேவை’ பலகையை எங்கே மாட்டுவது?

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கிற எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கேட்டில் ஒரு சின்னப் பலகை தொங்கும். பவர்டேபிள் டைலர், ஓவர்லாக், செக்கிங், கைமடி, ஆட்கள் தேவை. கீழே ஒரு போன் நம்பர். அவ்வளவுதான். இந்தப் பலகையைப் பல வருடம் கண்டுகொள்ளாமல் கடந்து போயிருக்கிறேன். போன வருடம் எங்கள் டீமுக்கு டேட்டாபேஸ் நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு ஆளுக்காக இரண்டு மாதம் அல்லாடிய பிறகுதான் அதன் அருமை புரிந்தது.

நாங்கள் செய்தது எல்லாரும் செய்கிற காரியம்தான். பெரிய வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் காசு கட்டி விளம்பரம் போட்டோம். மறுநாள் காலையிலேயே ரெஸ்யூம் குவிய ஆரம்பித்தது. ஹெச்ஆர்காரருக்கு ஒரே சந்தோஷம். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எல்லாவற்றிலும் அதே பத்து தொழில்நுட்பப் பெயர்கள், அதே வரிசையில். ஒருத்தர் கவர் லெட்டரில் வேறொரு கம்பெனியின் பெயரை மாற்றக்கூட மறந்திருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் ஐம்பது இடத்துக்கு விண்ணப்பம் போகிறது என்றால் யார்தான் தட்ட மாட்டார்கள்?

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற அமெரிக்க மென்பொருள்காரர் 2006ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் வாதத்தை என் எண்களில் சொல்கிறேன். வேலைக்குப் பொருத்தமானவர்கள் 100 பேர், பொருத்தமில்லாதவர்கள் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். பொருத்தமானவர் இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டால் ஒன்றில் வேலை கிடைத்துவிடும். அதோடு சந்தையை விட்டுப் போய்விடுவார். மற்றவருக்குக் கிடைக்காது, அதனால் நூறு இடத்துக்கு அனுப்புவார். இப்போது மொத்தக் குவியல் எவ்வளவு? 200 கூட்டல் 2000. அதாவது ஆறில் ஒரு பங்கு ஆட்கள் குவியலில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்கிறார்கள். "இந்த நாட்டில் நல்ல ஆளே இல்ல சார்" என்று மேனேஜர்கள் புலம்புவதன் ரகசியம் இதுதான். நாடு நன்றாகத்தான் இருக்கிறது, பார்க்கிற குவியல்தான் கோணல். விண்ணப்பிப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவுக்குக் கோணலும் கூடும்.

இப்போது திருப்பூர் பலகைக்கு வாருங்கள். அதைப் படிப்பது யார்? பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து டீக்கடைக்கு நடந்து போகிற டைலர். அதாவது ஏற்கெனவே வேலையில் இருப்பவர், எந்த வேலைவாய்ப்புத் தளத்திலும் தன் பெயரைப் பதிந்து வைக்காதவர். பவர்டேபிள் என்றால் என்னவென்று தெரியாதவர் அந்த நம்பருக்குப் போன் போடவே மாட்டார். இடமும் சொல்லும் சேர்ந்து பாதி வடிகட்டலை முடித்துவிடுகின்றன. நாங்களோ "டைனமிக்கான, துடிப்பான இளைஞர் தேவை" என்று போட்டிருந்தோம். தன்னைத் துடிப்பில்லாதவர் என்று நினைக்கிறவர் உலகத்தில் உண்டா?

சரி, தளத்தை விட்டுவிட்டு ரெஃபரல் வழியாகப் போகலாம் என்றார்கள். இதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் நியூட்டன் என்ற ஊரில், சமீபத்தில் வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாக ஊழியர்களை விசாரித்தார். சுமார் 56 சதவீதம் பேர் தெரிந்தவர் மூலமாக வேலை பிடித்திருந்தார்கள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் அடுத்த கேள்வியில். அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6, ரொம்ப அபூர்வமாக என்றவர்கள் 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததுதான். புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்திடமிருந்துதான் வரும். 2022ல் லிங்க்டுஇன் தளத்தின் இரண்டு கோடிப் பேர் தரவை வைத்து செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ரொம்பவே தூரத்து உறவும் உதவாது, ஓரளவு தூரம்தான் சரி என்ற திருத்தத்தோடு.

ஆனால் யாரைச் சிபாரிசு செய்கிறார்கள் என்பது சிபாரிசுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. லோரி பீமனும் ஜெரமி மக்ரூடரும் கொல்கத்தாவில் நடத்திய ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது (கட்டுரை 2012ல் வந்தது). ஆட்களை வரவழைத்து ஒரு வேலையைச் செய்யச் சொன்னார்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். சிலருக்கு, யாரைக் கூட்டி வந்தாலும் ஒரே தொகை. சிலருக்கு, வந்தவர் நன்றாகச் செய்தால்தான் கூடுதல் தொகை. இரண்டாவது வகையினர் சொந்தக்காரரை விட்டுவிட்டு உடன் வேலை பார்ப்பவரை அதிகம் கூட்டி வந்தார்கள். அதிலும், தானே அந்த வேலையை நன்றாகச் செய்தவர்தான் திறமையான ஆளைச் சரியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் கம்பெனியில் வந்தவர் மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் போனஸ். எப்படி வேலை பார்க்கிறார் என்ற கேள்வியே கிடையாது. சித்தப்பா பையன்களாக வந்து குவிந்ததில் என்ன ஆச்சரியம்?

ரெஃபரலில் வருபவர்கள் சீக்கிரம் வேலையை விடுவதில்லை என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, அதை மறைக்கவில்லை. அதனால்தான் முழுக்க ரெஃபரல் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் நானும் தலையாட்ட இருந்தேன். தலையாட்ட விடாமல் தடுத்தது ஒரு பழைய ஞாபகம்.

நான் பி.இ. முடித்தபோது டாட்காம் சரிவு இன்னும் தெளியவில்லை. எங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூ என்று எந்தக் கம்பெனியும் வந்ததில்லை. வீட்டில் யாரும் ஆபீஸ் வேலை பார்த்ததில்லை. எனக்கு இருந்தது புதன்கிழமை ஹிந்து மட்டும்தான், அன்றைக்குத்தான் வேலைவாய்ப்பு இணைப்பு வரும். நூலகத்தில் ஒன்பது மணிக்கெல்லாம் நிற்க வேண்டும், இல்லையென்றால் எவனாவது கிழித்துக்கொண்டு போயிருப்பான். அப்படிப் பார்த்து முகவரியை எழுதிக்கொண்டு போட்ட ஒரு கடிதம்தான் என் முதல் வேலை. அந்தக் கம்பெனி அன்று ரெஃபரல் மட்டும் போதும் என்று இருந்திருந்தால் எனக்கு அது நடந்ததே தெரிந்திருக்காது. வேலை கிடைக்காததைவிட, வேலை இருந்ததே தெரியாமல் போவது வேறு வகை இழப்பு. புகார் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1959ல் வந்த சட்டப்படி 25 பேரோ அதற்கு மேலோ இருந்த தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று இருக்கவில்லை. அரசுத் துறைகளோ அலுவலகம் அனுப்பும் பட்டியலில் இருப்பவரை மட்டும் கூப்பிட்டார்கள். ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் அது போதாது, பத்திரிகையிலும் அறிவிப்புப் பலகையிலும் வானொலியிலும் சொல்லிப் பொதுவாக அழைக்க வேண்டும் என்றது. ஒரே வாசலை மட்டும் திறந்து வைத்தால் அந்த வாசல் தெரியாதவன் என்ன செய்வான் என்பதுதான் அங்கே கேள்வி.

பத்திரிகையில் போட்டுவிட்டால் நியாயம் வந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். 2007ல் முடிவை வெளியிட்டார்கள். தலித் என்று தெரியும் பெயருக்கு அழைப்பு குறைவு, முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. விளம்பரம் ஊருக்கே தெரிந்திருந்தது. பிரிப்பவர் மேஜையில் பழைய வேலிதான்.

நாங்கள் கடைசியில் செய்தது கொஞ்சம் கலவையானது. பெரிய தளத்தை விட்டோம். இந்த வேலையில் இருப்பவர்கள் சும்மாவே கூடும் இடங்களுக்குப் போனோம்: சென்னையில் மாதம் ஒருமுறை கூடும் பைத்தான் குழு, விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு மாதிரி. கூடவே மூன்று அரசுக் கல்லூரிகளின் கணினித் துறைக்கு அச்சடித்த தாளே அனுப்பினோம், நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லி. விளம்பரத்தில் சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று போட்டோம் (இதற்கு ஹெச்ஆரோடு மூன்று நாள் சண்டை). இரவில் போன் வரும் என்பதையும் போட்டோம். மெதுவாக ஓடும் ஒரு வினவலைக் கொடுத்து, இதை எப்படி வேகப்படுத்துவீர்கள், பத்து வரியில் எழுதுங்கள் என்றோம். ரெஃபரலில் வந்தவருக்கும் அதே பத்து வரி. பெயரையும் கல்லூரியையும் மறைத்துவிட்டு நானும் இன்னொருவரும் தனித்தனியாக மார்க் போட்டோம்.

வந்தவை 31. முதல் வாரத்தில் வெறும் நான்கு, அப்போது வயிற்றைக் கலக்கியது உண்மை. அதில் ஒன்பது பேரிடம் பேசினோம், ஒருத்தரை எடுத்தோம். இரண்டாவது இடத்தில் இருந்தவர் நோட்டீஸ் போர்டைப் பார்த்து எழுதிய பெண். டேட்டாபேஸ் அனுபவம் இல்லை, ஆனால் பத்து வரியில் எட்டு வரி சரி. அவரை இப்போதைக்கு எடுக்க முடியவில்லை. ஜூனில் இன்னொரு இடம் காலியாகிறது. அதற்குள் அந்தப் பெரிய தளத்தின் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி ஹெச்ஆரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. முதலில் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுப் பார்க்கலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.