நிக்கோலா ஃபிளமேல்: சரித்திரமும் புனைவும்

1997ஆம் ஆண்டு வெளிவந்த முதலாவது ஹாரி பாட்டர் நாவலை வாசித்த இளைஞர் பலர், அதில் வரும் நிக்கோலா ஃபிளமேல் என்னும் இரசவாதியை முழுக் கற்பனை என்று எண்ணுகின்றனர். வேறு சிலரோ, அவர் மெய்யாகவே ஈயத்தைப் பொன்னாக்கியவர் என நம்புகின்றனர். இவ்விரு எண்ணங்களும் பிழையானவை. இப்பிழை தோன்றிய வரலாறு, பொருள் விளக்கும் பணியில் ஈடுபட்டுள்ள நமக்குப் பயன்தருவதாகும்.

சரித்திர மனிதர்

ஃபிளமேல் 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்தவர். நூல்களைப் படியெடுத்து எழுதுவதும் விற்பதும் அவருடைய தொழில். அச்சுக்கலை தோன்றாத அக்காலத்தில் அது நல்ல வருவாய் தரும் தொழிலாயிருந்தது. அவர் மணந்த பெரெனெல் அம்மையார் முன்னரே விதவையானவர். அவர் வழியாகவும் சொத்து வந்தது. இருவரும் ஆலயங்களுக்கும் ஏழைகளுக்கும் தாராளமாய்க் கொடுத்தனர்.

பெரெனெல் 1397இல் மரித்தார். ஃபிளமேல் 1407இல் கட்டிய வீடொன்று மோன்மொரான்சி வீதியில் இன்றும் நிற்கிறது. அதில் தங்குவோர் மரித்த பாவிகளுக்காக நாள்தோறும் ஜெபிக்க வேண்டும் என்னும் வேண்டுகோள் அதன் முகப்பில் பொறிக்கப்பட்டுள்ளது. 1416இல் அவர் மரண சாசனம் எழுதினார், 1418இல் மரித்தார். க்ளூனி அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய கல்லறைக் கல்லின் மேற்பகுதியில் கிறிஸ்துவும் பேதுருவும் பவுலும், அடியில் அழிந்துவரும் ஒரு சடலமும் செதுக்கப்பட்டுள்ளன. மரித்தோருக்காக ஜெபிக்கும் வழக்கம் நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் இம்மனிதர் தம் மரணத்தை மறவாதவர் என்பது தெளிவு.

புனைவு வளர்ந்த விதம்

16ஆம் நூற்றாண்டிலேயே இரசவாத நூல்கள் அவர் பெயரைத் தாங்கி உலவின. 1612இல், அதாவது அவர் மரித்து 194 ஆண்டுகளுக்குப் பின், பாரிஸில் அச்சான ஒரு நூல் அவரே எழுதியதாகத் தன்னை அறிவித்தது. ஆபிரகாம் என்னும் யூதரின் மறைநூலொன்று ஃபிளமேலின் கைக்குக் கிட்டியதென்றும், அதன் பொருளை ஸ்பெயின் யாத்திரையில் ஒரு மருத்துவரிடம் அறிந்தாரென்றும், 1382இல் பொன் செய்தாரென்றும் அது கூறிற்று. பாரிஸின் கல்லறைத் தோட்டமொன்றில் ஃபிளமேல் அமைத்த வளைவின் சிற்பங்களை அந்நூல் விளக்கிய முறையே நம் கவனத்திற்குரியது. நியாயத்தீர்ப்பையும் உயிர்த்தெழுதலையும் காட்டிய உருவங்களுக்கு அது இரசவாதப் பொருள் கற்பித்தது. மரித்தோர் எழும் காட்சி, கல் உருவாகும் ஒரு நிலையாயிற்று!

1761இல் வில்லேன் என்னும் குரு, பழைய திருச்சபைப் பத்திரங்களை ஆராய்ந்து ஃபிளமேலின் வரலாற்றை எழுதினார். அவருடைய செல்வம் மிகைப்படுத்தப்பட்டதென்றும், பொன் செய்த கதை ஆதாரமற்றதென்றும் காட்டினார். எனினும் கதை நின்றபாடில்லை. 1831இல் விக்டர் ஹியூகோவின் பாரிஸ் பேராலய நாவலிலும் ஃபிளமேலின் பெயர் இடம்பெற்றது.

நாவலாசிரியையும் நாமும்

ரௌலிங்கின் கதையில் ஃபிளமேலுக்கு வயது 665. அவர் மனைவிக்கு 658. எனினும் முடிவில் இருவரும் இரசவாதக் கல்லை அழிக்க உடன்பட்டு, மரணத்தை ஏற்கின்றனர். கட்டுக்கதை சாகாதவராக்கிய மனிதரை, ஒரு சிறுவர் நாவல் அவருடைய கல்லறைக் கல்லின் சாட்சிக்கு அருகே மீண்டும் கொணர்ந்திருப்பது வியப்பிற்குரியது.

நாவல் தன்னை நாவல் என்றே சொல்லுகிறது. அதில் வஞ்சனை இல்லை. 1612ஆம் ஆண்டு நூலோ, மரித்தவர் வாயில் தன் சொற்களை வைத்து, அவற்றை மெய்யென உரைத்தது. கல் பேசியதைக் கேளாமல், தான் கேட்க விரும்பியதைக் கல்லின்மேல் ஏற்றியது. வேதபகுதியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இச்சோதனை நமக்கும் உண்டு. உருவகப் பொருள் எவ்வளவு அழகாயினும், செதுக்கியவன் கருதியது யாது என்று முதலில் கேட்பதே நம் கடமையாகும்.