நீரைப் பார்த்து நிலம் வாங்கும் திகன

ஞாயிறு பத்திரிகைகளின் காணி விளம்பரங்களில் கண்டி மாவட்டத்தைத் தேடுபவர் கண்ணில் "நீர்த்தேக்கம் தெரியும் காணி" என்ற வரி தவறாமல் படும். விசாரித்தால், பெரும்பாலும் திகன, ராஜவெல்ல பக்கத்துக் காணியாக இருக்கும். கண்டி நகரிலிருந்து மஹியங்கனை வீதியில் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர். தென்னக்கும்புரவில் மகாவலியைக் கடந்து, நத்தரம்பொத்த, பல்லேகலை, கெங்கல்ல என்று போனால் ஊர் வந்துவிடும்.

இன்று நாம் காணும் திகனவை உண்டாக்கியது ஓர் அணை. துரித மகாவலித் திட்டத்தின் கீழ், பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்டது. 210 மெகாவாற் மின்சாரம் தரக்கூடியது. 1985 ஏப்ரலில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அதைத் திறந்துவைத்தபோது பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சரும் வந்திருந்தார். நீர் நிரம்பியதில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது; வயல்களும் விகாரைகளும் கடைத்தெருவும் போயின. மஹியங்கனை வீதியே மேட்டுக்கு மாற்றப்பட்டது. அணை கட்ட வந்த பொறியியலாளர்களுக்காகத் திகனவில் எழுந்த குடியிருப்பு, வேலை முடிந்து அவர்கள் ஊர் திரும்பிய பின்னும் நின்றது. மலைநாட்டு ஊருக்குப் பொருந்தாத அகலத் தெருக்களையும் தோட்டம் சூழ்ந்த தனி வீடுகளையும் இங்கே காண்பதற்குக் காரணம் அதுதான். கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய தெல்தெனியவின் சிதைவுகள் வெளியே தெரியும். இன்று விலைக்கு வரும் அந்த "காட்சி" இன்னொருவரின் ஊர் என்பதை வாங்குபவர் அறிந்திருப்பது நல்லது.

குடியிருக்கத் திகன வசதியான இடம் என்பதில் ஐயமில்லை. கண்டி நகரத்தை விட வெயிலும் வறட்சியும் சற்றுக் கூடுதல். நக்கிள்ஸ் மலைத்தொடர் ஒருபுறம், நீர் மறுபுறம். தும்பறைப் பள்ளத்தாக்கு என்று பழைய நூல்கள் குறிப்பிடும் இப்பகுதி, வெள்ளையர் காலத்தில் கொக்கோவுக்குப் பெயர்பெற்றது. அந்தத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்களும், பரம்பரைச் சிங்களக் கிராமங்களும், கடைவீதியில் முஸ்லிம் வணிகர்களும் சேர்ந்ததே ஊர். குண்டசாலை பக்கத்து ஹேனவல கிராமத்தில் நெய்யப்படும் தும்பறைப் பாய்க் கலையை யுனெஸ்கோ 2021-இல் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தொழில் வாய்ப்பும் அருகில்தான். பல்லேகலையில் கைத்தொழில் வலயம், மாகாண சபை அலுவலகங்கள், 2009-இல் திறக்கப்பட்ட சர்வதேச கிரிக்கெட் மைதானம். குண்டசாலையில் விவசாயப் பாடசாலை. கண்டி நகரின் நடுவே இருந்த போகம்பறைச் சிறைச்சாலையே 2014-இல் பல்லேகலைக்கு வந்துவிட்டது. இடமில்லாத கண்டி தன் பாரத்தையெல்லாம் கிழக்கே இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். திகனவில் வாடகைக்கு வீடு தேடுபவர்களில் பலர் இப்படி வேலை நிமித்தம் வருபவர்கள். ராஜவெல்லவில், நீர்த்தேக்கக் கரையில் டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999-இல் திறக்கப்பட்ட 18 குழி கோல்ஃப் திடலும் அதைச் சுற்றிய மாளிகைகளும் வேறு உலகம். அந்தப் பக்கத்து விலையைக் காட்டி ஊர் முழுவதற்கும் விலை சொல்லும் தரகர்கள் உண்டு. கோல்ஃப் திடலுக்கும் திகனச் சந்திக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைக்கும் ஒரே விலை என்று நம்பாதீர்கள்.

தினமும் கண்டிக்குப் போய்வர வேண்டியவர் வீதியைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். பாடசாலை, அலுவலக நேரங்களில் தென்னக்கும்புரவுக்கு அப்பால், நகர் நெருங்க நெருங்க, வாகனங்கள் ஊரும். கொழும்பிலிருந்து கண்டிக்கு அதிவேக நெடுஞ்சாலை வந்தால் விலை ஏறும் என்பது பல ஆண்டுகளாகக் கேட்கும் பேச்சு. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறந்தது; கண்டிக்கான கிளை இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வராத வீதியை நம்பி இன்றே விலை கொடுப்பது புத்திசாலித்தனமாகாது.

அடுத்தது நிலம். திகனவின் அடியில் பளிங்கு போன்ற டொலமைற் சுண்ணாம்புக்கல் பரவியிருக்கிறது. அதை உடைத்து அரைத்து உரத்துக்கும் பிற தேவைகளுக்கும் அனுப்புவது இங்கே பழைய தொழில். 2020 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி அந்த ஆண்டு முடிவு வரை ஹாரகம, அநுரகம, திகன, பல்லேகலைப் பகுதிகளில் சிறு நில அதிர்வுகள் பல தடவை உணரப்பட்டன. வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்ததாக மக்கள் முறையிட்டார்கள். கல்லுடைப்பு, நீர்த்தேக்கத்தின் சுமை, புவித்தட்டின் உள் அழுத்தம் எனப் பல விளக்கங்கள் வந்தன. அதிர்வுகள் சிறியவை, அணைக்கு ஆபத்து இல்லை என்றே அதிகாரிகள் கூறினார்கள். ஆயினும் வீடு கட்டுபவர் அத்திவாரத்தில் சிக்கனம் பிடிக்கக்கூடாத ஊர் இது. கற்குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள்; வெடி வைக்கும் நேரம் அயலவருக்குத்தான் தெரியும்.

மண்சரிவும் உண்டு. கண்டி மாவட்டத்தில் சரிவு நிலத்தில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். நீர் நன்றாகத் தெரியும் காணி என்றாலே அது சரிவில் இருக்கும் காணி. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. அந்த அறிக்கையை வெறும் சம்பிரதாயக் கடதாசியாக எண்ணியவர்கள் இனி அப்படி எண்ணமாட்டார்கள்.

இவற்றை விடச் சிக்கலானது உறுதி. யாழ்ப்பாணத்துக் காணி வழக்கங்களை அறிந்தவர் இங்கே புதிதாகப் படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் பங்காளிக்கு முன்னுரிமை கொடுப்பதுபோல, கண்டியச் சட்டத்துக்கும் தனிக் குணங்கள் உண்டு. 1938-ஆம் ஆண்டுக் கண்டியச் சட்டக் கட்டளையின்படி, நன்கொடையாக எழுதிக் கொடுத்தவர், மீளப்பெறும் உரிமையைத் துறக்கிறேன் என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர அந்த உறுதியை ரத்துச் செய்யலாம் என்பதே நீண்டகால நிலை. ஆகவே விற்பவரின் கையில் இருப்பது தாய் தந்தையர் எழுதிய நன்கொடை உறுதி என்றால், அதன் வாசகத்தை நொத்தாரிசு ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும். தீக முறையில் மணம் முடித்துப் போன மகளுக்கும், பின்ன முறையில் வீட்டிலேயே தங்கிய மகளுக்கும் தந்தையின் காணியில் பங்கு ஒன்றல்ல. பங்கு விட்டுப்போன சகோதரி பின்னாளில் வழக்குப் போட்டால் வாங்கியவர்தான் நீதிமன்றம் ஏற வேண்டும்.

இன்னொரு வலை, அரச அனுமதிப் பத்திரக் காணி. நீரில் ஊரை இழந்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட காணிகள் இப்பகுதியில் உண்டு. 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளையின் கீழ் வழங்கிய அளிப்புப் பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இன்றிக் கைமாற்ற முடியாது. மகாவலி அதிகாரசபை கொடுத்த அனுமதிப் பத்திரத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. "எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள், ஒரு சத்தியக் கடதாசி போதும்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நீர்த்தேக்கத்தின் ஒதுக்குப் பகுதியிலும் 1987-இல் அறிவிக்கப்பட்ட விக்டோரியா - ரந்தெனிகல - ரந்தம்பே சரணாலயத்திலும் தனியார் கட்டட ஆசைக்கு இடமில்லை.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்க்குத் தனிக் கேள்வி ஒன்று உண்டு. இலங்கையின் 2014-ஆம் ஆண்டு 38-ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இத்தடை இல்லை. கனடியக் கடவுச்சீட்டு எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வாங்கிய காணியை வெறுமையாக விட்டுவிட்டுப் போவதும் ஆபத்து: 10 ஆண்டு இடையறாமல் எதிருரிமையோடு அனுபவித்தவர், 1871-ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளையைக் காட்டி உரிமை கோரலாம். வேலி போடுங்கள், யாரையாவது பராமரிக்க வைத்தால் எழுத்தில் வையுங்கள்.

திகனவைப் பற்றி எழுதிவிட்டு 2018 மார்ச்சைத் தவிர்க்க முடியாது. தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி இறந்ததைத் தொடர்ந்து, மார்ச் 5 அன்று திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன; எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். மறுநாள் அவசரகாலச் சட்டம் வந்தது. முகப்புத்தகமும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சு பரவத் தன் தளம் இடமளித்ததற்காக முகப்புத்தக நிறுவனம் 2020-இல் மன்னிப்புக் கோரியது. கடைகள் மீண்டும் எழுந்தன. வணிக இடம் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம்: சாதாரண தீக் காப்புறுதியில் கலவரச் சேதம் தானாகச் சேராது. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான தனிக் காப்பை, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஏற்பாட்டின் கீழ், மேலதிகக் கட்டணத்துடன் சேர்க்க வேண்டும்.

முதலீடாகத் திகன எப்படி? 2022-இல் ரூபாய் சரிந்து, பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, வங்கியில் பணம் வைத்தவரை விடக் காணி வைத்தவர் தப்பினார் என்பது உண்மை. ஆனால் அவசரத்துக்கு விற்க முயன்றவர் வாங்க ஆள் இல்லாமல் தவித்ததும் உண்மை. காணியை விற்கும்போதும் வாங்கும்போதும் செலவு உண்டு: மாகாண சபைக்கான முத்திரைத் தீர்வை மட்டும் முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். இரண்டு மூன்று ஆண்டில் இலாபம் பார்க்க நினைப்பவருக்குத் திகன பொருந்தாது. பல்லேகலை வேலையாட்களை நம்பி, சந்திக்கு நடக்கும் தூரத்தில் சிறிய வீடு கட்டி வாடகைக்கு விடுபவருக்கும், ஓய்வுக் காலத்தில் தானே குடியேற நினைப்பவருக்கும் இது நல்ல ஊர்.

வாங்க முடிவு செய்தால் கண்டி காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுப் பதிவைத் தேடச் சொல்லுங்கள்; குண்டசாலைப் பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள்; சர்வேயரைக் கொண்டு எல்லைக் கல்லை நேரில் பாருங்கள். காணியை ஒரு தடவை நல்ல வெயிலிலும், இன்னொரு தடவை நவம்பர் மழையிலும் போய்ப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.