எடை குறைப்பில் உறக்கமும் உடற்பயிற்சியும்

எடையைக் குறைக்க விரும்பி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர் ஏறத்தாழ ஒரே குறையைச் சொல்கின்றனர். "டாக்டர், விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து ஒரு மணி நேரம் நடக்கிறேன். இரவில் இரண்டு சப்பாத்திதான். ஆனாலும் எடை இறங்கவில்லை. நாள் முழுவதும் சோர்வாக இருக்கிறது." இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டால், "பதினொன்றரை, சில நாள் பன்னிரண்டு" என்பது விடையாக இருக்கும். நடைப்பயிற்சிக்கான நேரத்தை அவர்கள் உறக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கின்றனர். இது ஏன் பயன் தருவதில்லை என்பதையும், இரண்டையும் எவ்வாறு சமன் செய்யலாம் என்பதையும் இங்கே விளக்குகிறோம்.

உறக்கம் குறைந்தால் பசி கூடுவது ஏன்?

பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் இரைப்பையில் சுரக்கிறது. போதும் என்ற நிறைவை மூளைக்கு உணர்த்தும் லெப்டின் கொழுப்புத் திசுவில் சுரக்கிறது. உறக்கம் குறையும்போது கிரெலின் கூடி, லெப்டின் குறையக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்துடன் இனிப்பு, வறுத்த பண்டம் ஆகியவற்றின் மீது நாட்டமும் மிகுகிறது. ஆகவே, மாலையில் பஜ்ஜியைக் கண்டு மனம் தளர்வதற்கு மன உறுதிக் குறைவு மட்டுமே காரணம் அன்று.

அமெரிக்காவில் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கும் பழக்கமுடைய, எடை மிகுந்த 80 பேரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2022இல் வெளியாயிற்று. ஆலோசனை பெற்று இரண்டு வாரம் கூடுதலாக உறங்கியவர்கள், உணவுக் கட்டுப்பாடு எதுவும் சொல்லப்படாமலேயே, மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி குறைவாக உட்கொண்டனர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விரைந்து நடந்து செலவழிக்கும் ஆற்றலுக்கு இது ஏறக்குறைய இணையானது.

குறைவது கொழுப்பா, தசையா?

எடை பார்க்கும் கருவி கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், எடை மிகுந்த பத்துப் பேருக்குக் கலோரி குறைந்த உணவு அளித்தனர். இரண்டு வாரம் இரவில் எட்டரை மணி நேரமும், வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம் மட்டுமே உறங்க வாய்ப்பளித்தனர். இரு முறையும் ஏறத்தாழ 3 கிலோ எடை குறைந்தது. ஆனால் நன்கு உறங்கியபோது கொழுப்பு 1.4 கிலோ குறைய, குறைவாக உறங்கியபோது 0.6 கிலோ மட்டுமே குறைந்தது. எஞ்சியது தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசுக்களின் இழப்பு. சிறிய ஆய்வே எனினும் சிந்திக்க வைப்பது. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குவது தசையே. ஆகவே நீரிழிவு உள்ளவர்களுக்குத் தசை இழப்பு இரட்டை நட்டம்.

இதனால் உடற்பயிற்சி வேண்டாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. தசையைக் காப்பதும், குறைந்த எடை மீண்டும் ஏறாமல் தடுக்கத் துணைசெய்வதும், உறக்கத்தை ஆழமாக்குவதும் பயிற்சியே.

சமன் செய்யும் வழிகள்

• எழும் நேரத்தை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. ஐந்தரைக்கு எழ வேண்டுமெனில் பத்து மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும்.

• வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி போதுமான தொடக்கம். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் 15 நிமிடம், இரவு உணவுக்குப் பின் மெதுவாக 15 நிமிடம் எனப் பிரித்துக்கொள்ளலாம்.

• வாரம் இரு நாள் தசைக்கான பயிற்சி செய்யுங்கள். நாற்காலியில் அமர்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும்கூடப் பயிற்சியே.

• மாலையில் பயிற்சி செய்வதில் தவறில்லை. கடும் பயிற்சியை மட்டும் படுக்கைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

• மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் பாதியளவு இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கக்கூடும். பிற்பகலுக்குப் பின் காபி, தேநீரைத் தவிருங்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறுதல், பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகியவை உறக்க மூச்சுத்தடையின் அறிகுறிகளாக இருக்கலாம். இதனை நோயாளி அறியமாட்டார். அருகில் உறங்குபவரே அறிவார். ஆகவே உடன் வரும் குடும்பத்தார் தயங்காமல் எங்களிடம் கூறுங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளோ பயன்படுத்துபவர்கள், மருத்துவரைக் கலந்து பேசாமல் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்க வேண்டாம். மாலையில் கடும் பயிற்சி செய்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்வதும் உண்டு. நடக்கும்போது நெஞ்சு வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள். தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி உட்கொள்ளாதீர்கள்.

குடும்பத்தாருக்கு

பல வீடுகளில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவர் இல்லத்தரசியே. நோயாளியைக் கவனித்துக்கொள்பவரும் பெரும்பாலும் அவரே. "இன்னும் கொஞ்சம் நட" என்று அவரிடம் சொல்வதற்கு முன், இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து, பாத்திரம் துலக்குவதைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அவருக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேர உறக்கமும் சிகிச்சையே.

நாலரை மணிக்கு எழுபவர்களிடம் நாங்கள் சொல்வது இதுதான்: இரண்டு வாரம் அலாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், இரவில் அரை மணி நேரம் முன்னதாகப் படுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், நடந்த நிமிடங்கள், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். அதனைப் பார்த்து மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.