காதில் விழுந்த சொல்லுக்கு எந்த எழுத்து?

ஒருவர் அதிகாரிக்கு மனு எழுதுகிறார். "எங்கள் குறையைத் தீர்க்க வேண்டும்" என்று எழுத நினைக்கிறார். 'குறை' என்பதற்குப் பதிலாக 'குரை' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? குறை என்றால் மனிதனுடைய கஷ்டம். குரை என்றால் நாய் போடும் சத்தம்!

"ஏழைகள் மேல் இரங்க வேண்டும்" என்றால், மனம் இளக வேண்டும் என்று பொருள். "ஏழைகள் மேல் இறங்க வேண்டும்" என்று எழுதினால் பொருளே வேறு.

விளைநிலம் என்றால் பயிர் விளையும் நிலம். அதை 'விலை நிலம்' என்று எழுதினால், நிலம் விற்பனைக்கு வந்துவிட்டது போல் ஆகிவிடும்!

இந்தப் பயத்தினால் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வயது வந்த பிறகு எழுதப் படித்தவர்களுக்கு இந்தப் பயம் அதிகம். "பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வரட்டும், அவன் எழுதட்டும்" என்று காத்திருக்கிறார்கள்.

காத்திருக்க வேண்டியதில்லை. காதில் விழுந்த சொல்லின் எழுத்தை நாமே கண்டுபிடிக்கலாம். அதற்குச் சுலபமான வழிகள் இருக்கின்றன.

காது ஏமாற்றும்

'ல' சொல்லும்போது நாக்கு நுனி மேல் பல்லின் அடியைத் தொடுகிறது. 'ள' சொல்லும்போது நாக்கு வளைந்து மேல் அண்ணத்தைத் தொடுகிறது. 'ழ' சொல்லும்போது நாக்கு வளைகிறது, ஆனால் தொடுவதில்லை.

எல்லோரும் இப்படிப் பேசுகிறார்களா? இல்லை. தென் மாவட்டங்களில் பலர் பழத்தைப் 'பளம்' என்கிறார்கள். சென்னையில் சிலர் 'பயம்' என்கிறார்கள். ர, ற வேற்றுமையோ பெரும்பாலோர் பேச்சில் மறைந்தே போய்விட்டது. நன்றாகப் படித்தவர்கள் பேச்சும் அப்படித்தான்.

ஆகையால் எழுத்துத் தெரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். காது பாதிதான் சொல்லும். மீதியை நாம் தேட வேண்டும்.

இடத்தைப் பாருங்கள்

முதலில், சந்தேகமான எழுத்து சொல்லில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

சொல்லின் முதலில் நின்றால் கவலையே இல்லை. ண, ன, ழ, ள, ற ஆகியவை சொல்லுக்கு முதலில் வருவதில்லை. நகம், நாடு, நூல் எல்லாம் 'ந'தான். லாரி, லாபம், ரயில் போல வேறு மொழியிலிருந்து வந்த சொற்களுக்கும் 'ல', 'ர' போட்டால் போதும்.

இனி, பக்கத்து எழுத்தைப் பாருங்கள். தமிழ்ச் சொற்களில் 'ட'வுக்கு முன்னால் 'ண்' வரும்: வண்டி, தண்டு. 'த'வுக்கு முன்னால் 'ந்' வரும்: பந்து, சந்தை. 'ற'வுக்கு முன்னால் 'ன்' வரும்: கன்று, நின்று.

இன்னொன்று: 'ர'வும் 'ழ'வும் இரட்டிப்பதில்லை. வெற்றி, காற்று, சுற்று எல்லாவற்றிலும் 'ற்ற'தான். பல்லி, பள்ளி என்று இரட்டித்துக் கேட்டால், அது 'ல்ல' அல்லது 'ள்ள'. அங்கே 'ழ'வுக்கு வேலை இல்லை.

சொந்தக்காரரைக் கேளுங்கள்

புதிதாக ஓர் ஆள் ஊருக்கு வந்தால், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறோம் அல்லவா? சொல்லையும் அப்படிக் கேட்கலாம். எழுத்துக்களுக்கும் குடும்பம் உண்டு.

ட, ண, ள மூன்றும் ஒரு குடும்பம். ற, ன, ல மூன்றும் இன்னொரு குடும்பம்.

கேள் என்பது 'கேட்டான்' ஆகிறது. கொள் என்பது 'கொண்டான்' ஆகிறது. 'ள்' எப்போதும் தன் குடும்பத்தைத்தான் நாடும். செல் என்பது 'சென்றான்' ஆகிறது. கல் என்பது 'கற்றான்' ஆகிறது. 'ல்' தன் குடும்பத்துக்குப் போகிறது. 'ழ்' மாறாமல் நிற்கும்: வாழ், வாழ்ந்தான்.

நாள் என்பதற்கு 'ள்' போடுவதா, 'ல்' போடுவதா? சுவரில் தொங்கும் நாட்காட்டியை நினையுங்கள். 'ட்' இருக்கிறது. ஆகவே நாள். கடலுக்கு எந்த எழுத்து? கடற்கரையை நினையுங்கள். 'ற்' இருக்கிறது. ஆகவே கடல்.

கிராமத்துப் பேச்சு காட்டிக் கொடுக்கும்

சிறிய 'ர'வா, பெரிய 'ற'வா? இதற்குப் பாட்டி பேசும் பேச்சே உதவும்.

'று' அல்லது 'ரு' என்று முடியும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு 'இல்' சேர்த்துப் பேசிப் பாருங்கள். ஆறு என்பதை "ஆத்துல குளிச்சேன்" என்கிறோம். கிணறு என்பதைக் "கிணத்துல தண்ணி இல்லை" என்கிறோம். சேறு, "சேத்துல" ஆகிறது. இப்படித் 'த்து' வந்தால் அது பெரிய 'ற'. எழுத்தில் ஆற்றில், கிணற்றில், சேற்றில் என்று எழுத வேண்டும்.

தெரு என்பதைத் "தெருவுல" என்றுதான் சொல்கிறோம். 'தெத்துல' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே அது சிறிய 'ர'.

பார்த்தீர்களா? கொச்சை என்று ஒதுக்கும் பேச்சுக்குள் இலக்கணம் ஒளிந்திருக்கிறது!

கடைசியில் அகராதி

இத்தனைக்கும் பிடிபடாத சொல்லும் உண்டு. "அளகு குஞ்சுகளோடு மேய்ந்தது" என்று ஆசிரியர் சொல்ல, பிள்ளை கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் காதில் 'அழகு' என்று விழுகிறது. அழகு எப்படி மேயும்?

அகராதியை எடுக்க வேண்டியதுதான். மூன்று இடங்களில் தேட வேண்டும். அலகு என்றால் பறவையின் மூக்கு. அளவுக்கும் அந்தப் பெயர் உண்டு. அழகு நாம் அறிந்ததே. அளகு என்றால் கோழியின் பெட்டை. கூகையின் பெட்டைக்கும் அந்தப் பெயர் உண்டு. தொல்காப்பியத்திலேயே வரும் பழைய சொல் அது. மேய்ந்தது கோழி! பொருள் பொருந்துகிற இடத்தில் எழுத்தும் கிடைத்துவிட்டது.

அகராதியில் தேட எழுத்து வரிசை தெரிய வேண்டும். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது கடைசி எட்டு எழுத்துக்களின் வரிசை. ஆகவே அலகு முதலில் வரும், அழகு பிறகு, அளகு அதற்கும் பிறகு. 'நின்றான்' என்று தேடினால் கிடைக்காது. 'நில்' என்று தேட வேண்டும். 'மரங்களை' என்று தேடக் கூடாது. 'மரம்' என்று தேட வேண்டும்.

இந்த வசதி தமிழர்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. முன்காலத்தில் நிகண்டுகள்தான் இருந்தன. அவை செய்யுளாக இருந்தன. மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதியைச் செய்தார். அதில் சொற்கள் எழுத்து வரிசையில் நின்றன. பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாகப் பெரிய அகராதியை வெளியிட்டது. அதில் 1 லட்சத்துக்கு மேல் சொற்கள் இருக்கின்றன. இன்று அதைக் கைபேசியிலேயே காசில்லாமல் பார்க்கலாம்.

வீட்டில் ஒரு விளையாட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இதை விளையாட்டாகச் செய்யலாம். பாட்டி ஒரு சொல் சொல்லட்டும். அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் தனித்தனியே எழுதட்டும். எழுத்து வேறுபட்டால், "ஏன் இந்த எழுத்து?" என்று ஒவ்வொருவரும் காரணம் சொல்ல வேண்டும். கடைசியில் அகராதி தீர்ப்புச் சொல்லட்டும். கண்டுபிடித்த சொல்லை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பாட்டி சொல்லும் சில சொற்கள் கைக்கு அடக்கமான அகராதியில் இருக்கமாட்டா. ஏர், தறி, உலை, வலை ஆகிய தொழில்களில் வழங்கும் சொற்கள் அப்படிப்பட்டவை. அவற்றைக் கட்டாயம் எழுதி வையுங்கள். எந்த எழுத்து என்று தெரியாததற்காக ஒரு சொல்லை எழுதாமல் விட்டால், அது அந்த வீட்டுப் பெரியவர்களோடு போய்விடும். சந்தேகத்தோடு எழுதினாலும் பின்னால் திருத்திக்கொள்ளலாம். எழுதாததைத் திருத்த முடியுமா?