4,000 ரூபாய்க்கு '48 மெகாபிக்சல்' டிஜிட்டல் கேமரா... வாங்கலாமா? பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

காலேஜ் டூர், ஃபேர்வெல், அக்கா வளைகாப்பு... கையில் ஐபோன் வைத்திருப்பவர்கள்கூட இப்போது ஒரு குட்டி டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஃபிளாஷ் பளிச்சென்று அடித்து, பின்னணி இருட்டாகி, மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்த அந்த 2008 ஸ்டைல் போட்டோக்களுக்கு இன்ஸ்டாகிராமில் தனி மவுசு. அப்பா எப்போதோ வாங்கிய கேமரா பீரோவில் கிடந்தால் கவலையில்லை. இல்லாதவர்கள் ஆன்லைனில் தேடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது.

தேடியதும் முதலில் வந்து நிற்பது, இதுவரை கேள்வியே படாத பெயர்களில் '48 மெகாபிக்சல், 4கே வீடியோ, 16எக்ஸ் ஜூம்' என்று கூவும் கேமராக்கள். விலையும் சில ஆயிரம்தான். மாசக்கணக்கில் சேர்த்த பாக்கெட் மணியைக் கொடுத்து வாங்கிய பிறகு பார்த்தால், 'நம்ம பழைய போனே இதைவிட நல்லா எடுக்குதே' என்று நொந்துகொள்ள வேண்டிய நிலை.

அப்போ எதைத்தான் வாங்குறது? அதற்கு முன், ஏன் இப்படி ஆனது என்று பார்க்கலாம்.

பெரிய பிராண்டுகள் எங்கே போச்சு?

பாக்கெட்டில் வைத்து, எடுத்ததும் அழுத்தினால் படம் பிடிக்கும் கேமராக்களுக்கு 'பாயின்ட் அண்ட் ஷூட்' என்று பெயர். கேமரா தயாரிப்பாளர்களின் சங்கமான ஜப்பானின் சிபா அமைப்பின் கணக்குப்படி, லென்ஸைக் கழற்ற முடியாத இந்த வகை கேமராக்கள் 2010-ல் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-ல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. செல்போன் கேமரா அந்தச் சந்தையைச் சாப்பிட்டுவிட்டது.

லாபம் இல்லை என்று தெரிந்ததும் கேனான், சோனி, நிக்கான் எல்லாம் விலை குறைந்த மாடல்களை ஒவ்வொன்றாகக் கைகழுவின. இப்போது திடீரென்று ஆசைப்படுகிறவர்கள் அதிகம். நல்ல சரக்கு குறைவு. அந்த இடைவெளியில் புகுந்தவைதான் இந்தப் பெயர் தெரியாத கேமராக்கள்.

48 மெகாபிக்சல்... நிஜமாவா?

ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளிகள். இந்த மலிவு கேமராக்கள் பலவற்றின் உள்ளே இருக்கும் சென்சாரால் நிஜமாகப் பதிவு செய்ய முடிவது அதில் சிறு பங்குதான். மீதிப் புள்ளிகளை, பக்கத்தில் இருக்கும் நிறத்தைப் பார்த்து மென்பொருளே இட்டு நிரப்பிவிடும். 12 மெகாபிக்சலை 48 ஆக்குவது, நாலு பேருக்கு வைத்த சாம்பாரில் தண்ணீர் ஊற்றி 16 பேருக்குப் பரிமாறுவது மாதிரி. அளவு கூடும். ருசி? அதுதான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது குழைந்த வாட்டர் கலர் ஓவியம்போலத் தெரியும்.

அதைவிடப் பெரிய வித்தை '16எக்ஸ் டிஜிட்டல் ஜூம்'. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்குவது. அவ்வளவுதான். இரண்டு மடங்கு ஜூம் செய்தால் நான்கில் ஒரு பங்கு புள்ளிதான் மிஞ்சும். 16 மடங்கு செய்தால் 256-ல் ஒரு பங்கு. 48 மெகாபிக்சல் என்ற கணக்கு நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும், கடைசியில் கையில் நிற்பது 2 லட்சம் புள்ளிகளுக்கும் குறைவு. இதை போனிலேயே இரண்டு விரலை வைத்து இழுத்துச் செய்துவிடலாம். தனியாக ஒரு கேமரா எதற்கு?

சரி, எத்தனை மெகாபிக்சல்தான் வேண்டும்? ஸ்டுடியோவில் போடும் 4-க்கு 6 இன்ச் பிரிண்டுக்குச் சுமார் 2 மெகாபிக்சல் போதும். பிராண்டட் கேமராவில் 10 இருந்தாலே தாராளம்.

லென்ஸ் விளிம்பைப் படிங்க!

கேமரா அசலா, டப்பாவா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் எண்கள் அச்சாகியிருக்கும். உதாரணமாக, '4.6-23.0 மி.மீ.' என்று இருந்தால் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுக்கவும். 23-ஐ 4.6-ஆல் வகுத்தால் 5. ஆக, அது 5 மடங்கு ஆப்டிகல் ஜூம். அதாவது, லென்ஸ் நிஜமாகவே நகர்ந்து தொலைவில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும், தரம் வெட்டுப்படாது.

வளையத்தில் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது, அல்லது எண்ணே இல்லாமல் 'ஹெச்டி லென்ஸ்' என்று அலங்காரமாக எழுதியிருக்கிறது என்றால் உஷார். ஆன் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளவில்லை என்றால், பெரும்பாலும் அதில் ஆப்டிகல் ஜூம் கிடையாது. (லென்ஸ் உள்ளேயே நகரும் சில நல்ல மாடல்களும் உண்டு. அதனால் எண்ணைப் பார்ப்பதுதான் நம்பகம்.)

இன்னொரு சோதனை: ஷட்டர் பட்டனைப் பாதி மட்டும் அழுத்தவும். அசல் கேமரா 'பீப்' ஒலியோடு பச்சைக் கட்டம் காட்டி ஃபோகஸ் செய்யும். டப்பா கேமராக்கள் பலவற்றில் ஃபோகஸே அசையாது. அதனால்தான் பக்கத்தில் நிற்கிறவர் முகம் மங்கலாகவும், பின்னால் இருக்கும் காலண்டர் தெளிவாகவும் விழுகிறது!

ஃபிளாஷையும் கவனிக்க வேண்டும். அந்த 2008 லுக்குக்குக் காரணமே செனான் ஃபிளாஷ்தான். ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் பலமான ஒளியைக் கொட்டி, ஆட்டத்தைக்கூட அப்படியே உறைய வைக்கும். போன்களிலும் மலிவு கேமராக்களிலும் இருப்பது எல்இடி விளக்கு. அதற்கு அந்த வலு கிடையாது.

சென்சார் அளவு ஏன் முக்கியம்?

மழைத் தண்ணீர் பிடிக்க டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். சென்சார் பெரிதாக இருந்தால் அதிக வெளிச்சம் சேரும். இரவில் படம் புள்ளி புள்ளியாக உடையாது. பட்ஜெட் கேமராக்களில் வழக்கமாக இருப்பது 1/2.3 இன்ச் சென்சார். பரப்பளவு சுமார் 28 சதுர மி.மீ. 1/1.7 இன்ச் என்றால் ஏறத்தாழ 43. '1 இன்ச்' சென்சார் என்றால் 116, அதாவது நான்கு மடங்கு. (இந்த '1 இன்ச்' என்பது நிஜ அளவும் இல்லை. பழைய டிவி கேமரா குழாய் காலத்து வழக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.)

இதில் ஒரு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். இன்றைய நடுத்தர விலை போன்கள் பலவற்றின் மெயின் கேமரா சென்சார், இந்த 1/2.3 இன்ச்சைவிடப் பெரியது. போதாக்குறைக்கு, போன் ஒரே கிளிக்கில் பல படங்களை எடுத்துச் சேர்த்து மெருகேற்றித் தருகிறது. ஆகவே, 'போனைவிடத் தெளிவா எடுக்கணும்' என்பது மட்டுமே ஆசை என்றால், 10 ஆயிரம் ரூபாய் கேமரா ஏமாற்றமே தரும். தொலைவில் மேடையில் ஆடும் பிள்ளையைக் கிட்டே கொண்டுவர வேண்டும், அந்த ஃபிளாஷ் லுக் வேண்டும், போனை நோண்டாமல் விழாவைப் பதிவு செய்ய வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது பயன்படும்.

எந்த மாடலைத் தேடலாம்?

புதிதாகத்தான் வேண்டும் என்றால் கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45, எஃப்இசட்55 இரண்டும் கவனிக்கத்தக்கவை. இரண்டிலும் 16 மெகாபிக்சல், 1/2.3 இன்ச் சென்சார். முதலாவதில் 4 மடங்கு, இரண்டாவதில் 5 மடங்கு ஆப்டிகல் ஜூம். எஃப்இசட்45 சாதாரண டபுள் ஏ பேட்டரியில் ஓடும் என்பதால், டூரில் சார்ஜ் தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கோடாக் பெயரைப் பார்த்துப் பழைய கோடாக் என்று நினைக்க வேண்டாம். பெயரை உரிமம் வாங்கி ஜேகே இமேஜிங் என்ற நிறுவனம் விற்கிறது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் சொன்னதைச் செய்யும்.

அதே காசுக்கு செகண்ட் ஹேண்டில் இன்னும் நல்லதே கிடைக்க வாய்ப்புண்டு. சோனி டபிள்யூ800, டபிள்யூ830, கேனான் இக்ஸஸ் வரிசை ஆகியவை ஃபிளாஷ் லுக்குக்குப் போதும். இரவுப் படங்கள் முக்கியம் என்றால் 1/1.7 இன்ச் சென்சார் கொண்ட கேனான் எஸ்95, எஸ்100, எஸ்110, எஸ்120. கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் 2012-ல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100. அதில் இருப்பது 1 இன்ச் சென்சார். இன்றைக்கும் சளைக்காத கேமரா அது. ரீல்ஸில் எல்லோரும் காட்டும் கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3 பக்கம் பட்ஜெட்காரர்கள் போகாமல் இருப்பது நல்லது. மவுசுக்கும் சேர்த்துத்தான் அதற்கு விலை.

'சிசிடி சென்சார்' என்று சொல்லி ஒரே மாதிரி பழைய கேமராவைக் கூடுதல் விலைக்கு விற்கும் வேலையும் நடக்கிறது. அந்தக் காலத்து நிறத்தில் பெரும் பங்கு ஃபிளாஷுக்கும், கேமரா நிறத்தைச் சமைக்கும் விதத்துக்கும் சேரும். அந்த மூன்றெழுத்துக்காகத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

கடையில் நின்றே செய்ய வேண்டிய டெஸ்ட்

சென்னை ரிச்சி தெருவோ, பர்மா பஜாரோ, ஊரில் உள்ள ஸ்டுடியோவோ... செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் சொந்தமாக ஒரு மெமரி கார்டு, போனில் செருகும் கார்டு ரீடர் இரண்டையும் கொண்டுபோவது நல்லது. எடுத்த படத்தைக் கேமராவின் குட்டித் திரையில் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். போனுக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

ஆன், ஆஃப் செய்து பத்து முறை ஜூமை உள்ளேயும் வெளியேயும் ஓட்டவும். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே மணல் போயிருக்கலாம். பீச்சுக்குக் கொண்டுபோன கேமராக்களுக்கு வரும் வியாதி இது. ஒருநாள் 'லென்ஸ் எரர்' என்று காட்டி அப்படியே நின்றுவிடும். ரிப்பேர் செலவு கேமரா விலையைத் தொடும்.

அடுத்து, முழு ஜூமில் வெள்ளைச் சுவரை ஒரு படம். ஒரே இடத்தில் கறுப்பாகப் புள்ளி விழுந்தால் சென்சாரில் தூசி. பிறகு, கேமராவை ஆன் செய்து லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவும். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பீரோவிலேயே கிடந்த கேமராக்களில் இது சகஜம். துடைத்தால் போகாது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

பேட்டரி உப்பியிருந்தால் வாங்கவே வேண்டாம். அந்த மாடலுக்கு பேட்டரி, சார்ஜர் இப்போதும் கிடைக்கிறதா என்று அங்கேயே போனில் தேடிவிடலாம். கார்டிலும் ஒரு கண்ணி உண்டு: மிகப் பழைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது, அதற்கு அடுத்த தலைமுறை 32 ஜிபி வரைதான். 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு கேமரா கெட்டுப்போச்சு என்று நினைப்பவர்கள் பலர். பழைய சோனியில் மெமரி ஸ்டிக், பழைய ஒலிம்பஸ், ஃபியூஜியில் எக்ஸ்டி கார்டு இருந்தால், அந்தக் கார்டைத் தேடி அலையத் தயாரா என்று யோசிக்க வேண்டும்.

பழைய பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம், திருட்டுப் பொருளாக இருந்துவிடக் கூடாது. 'ஒரு வாரம் கேரண்டி' என்று வாயில் சொல்வதை பில்லில் எழுதி வாங்கவும்.

ஆன்லைனில் ஏமாந்துட்டா?

ஆர்டர் போடும் முன்பே ரிட்டர்ன் விதியைப் படிக்க வேண்டும். 'ரிப்ளேஸ்மென்ட் மட்டும்' என்று இருந்தால் பணம் திரும்பாது. ஒரு டப்பா கேமராவுக்குப் பதில் இன்னொரு டப்பா கேமராதான் வரும். பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சொன்ன ஆப்டிகல் ஜூம் இல்லை என்றால், பொருளின் விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்பலாம். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பதிலே இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ஆர்டர் எண், பில், அந்த ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். கம்பெனிகள் விளம்பரப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடும்.