மஞ்சள் முள்ளுப்பழச் செடி

நுவரெலியா, அட்டன் மலைகளில் தேயிலைச் சரிவுகளின் ஓரத்திலும் மரக்கறித் தோட்ட வேலிகளிலும் மண்டும் இச்செடியைத் தாவர நூலார் ரூபஸ் எலிப்டிகஸ் என்பர். ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டெங்கும் செந்நிறச் சுணை. இடையிடையே வளைந்த முட்கள். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், நடுவிலையே பெரிது. வெண்பூவுக்கு இதழ் ஐந்து. பொன்னிறப் பழம் பல சிறு கனிகளின் திரள். பறித்தால் தொப்பிபோல் உட்குழிந்து வரும். சிறுவர்க்குக் காட்டவேண்டிய அடையாளம் இதுவே. ஏனெனில், 1826இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட நாயுண்ணியும் முள்ளுடையதே. அதன் தண்டு நாற்கோணம். பூக்கள் பல நிறம். அதன் பச்சைக்காய் நஞ்சு. தழை மாட்டுக்கு ஆகாது.

முள்ளுப்பழம் உண்ணத்தக்கது, எனினும் பாத்தியருகே செடியை விடலாகாது. பறவைகள் விதையைப் பரப்பும். வெட்டிய கட்டை மீண்டும் துளிர்க்கும். ஆதலால் பழுக்குமுன் வேரோடு அகழ்ந்தெடுத்தல் வேண்டும்.